கவிழ்த்து வைத்த கூடை

நெடுங்கரை மடத்தில் குருவுக்கு வயது நாற்பது, சீடருக்கு அறுபத்தொன்று. குரு சீடரை ஐயா என்பார், சீடர் குருவை அம்மா என்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் வந்ததில்லை.

சீடர் அனந்தப்பர் முப்பது வருடம் நாட்டுச் சபையில் உட்கார்ந்தவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் மடத்துக்கு வந்தார், சபைதான் அவரை விடவில்லை. சிக்கல் என்றால் ஆள் அனுப்பிவிடும். இந்த முறை வந்த சிக்கல் கூலிக்கல்.

நாடு முழுவதும் ஒவ்வொரு சந்தை முனையிலும் அந்தக் கல் நின்றது. ஒரு நாள் உழைப்புக்கு இரண்டு படி நெல்லுக்குக் குறைவாக யாரும் கொடுக்கக் கூடாது என்று அதில் வெட்டியிருந்தது. அதைப் பெயர்த்துவிடலாமா என்று சபையில் பேச்சு. பாதிப் பேர் பெயர்க்கலாம் என்றார்கள், பாதிப் பேர் கூடாது என்றார்கள். அனந்தப்பர் சொல்வதே முடிவு என்று ஏற்பாடு.

"பெயர்த்துடலாம்னு சொல்லப்போறேம்மா," என்றார் அவர்.

குரு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "ஏன் ஐயா?"

"காத்தாயின்னு ஒருத்தி. கால் ஊனம். மூணு மாசமா சந்தை முனைக்கு வர்றா, வெறுங்கையோட போறா. வீட்டுல ரெண்டு பிள்ளைங்க. ஒரு படி குடுத்தாப் போதும், வரேங்கறா. குடுத்தா தப்பு. ரெண்டு படி குடுத்து அவளை யாரு கூப்பிடுவா? அவளுக்கும் சோத்துக்கும் நடுவுல அந்தக் கல்லுதாம்மா நிக்குது."

நல்ல மனிதர். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

குரு வாளியைக் கீழே வைத்தார். "நாளைக்கு நம்ம குளத்துல தூர் வாரணும். இருபது பேர் வேணும். நீங்களே போய் ஆள் பிடிச்சுட்டு வாங்க. நாளைக்கு ஒரு நாள் கல்லு இல்லைன்னு வச்சுக்குங்க. சாயங்காலம் அளக்கும்போது பாத்துக்கலாம்."

விடிந்ததும் அனந்தப்பர் சந்தை முனைக்குப் போனார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வேலை கேட்டு வருகிறவர் தன் மண் கூடையை முன்னால் கவிழ்த்து வைத்துவிட்டு நிற்பார். அமர்த்தப்பட்டால் கூடையை நிமிர்த்தி எடுத்துக்கொண்டு நடப்பார். அன்றைக்கு முப்பது கூடைகள் கவிழ்ந்திருந்தன. கடைசிக் கூடை காத்தாயியுடையது.

"இன்னைக்குக் கல்லை மறந்துடுங்க," என்றார் அனந்தப்பர். "அவங்கவங்க கூலியை அவங்கவங்களே சொல்லலாம்."

காத்தாயிதான் முதலில் பேசினாள்.

"எனக்கு ஒரு படி போதுங்க."

அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். அவள் கூடையை நிமிர்த்தக் குனிந்தாள்.

"அப்ப நானும் ஒரு படிக்கே வரேன்," என்றான் கருப்பணன். வண்டிக் காளை மாதிரி ஆள். வீட்டில் அவனுக்கும் ஐந்து வாய்.

"முக்கால் படி," என்றான் அவனுக்குப் பின்னால் நின்றவன்.

காத்தாயி குனிந்தபடியே சொன்னாள். "அரைப்படி."

கருப்பணன் அவள் பக்கம் பார்க்கவில்லை. "நானும் அரைப்படி," என்றான் தரையைப் பார்த்து. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் அதையே சொன்னார்கள்.

ஒரே கூலி என்று ஆன பிறகு அனந்தப்பரின் கண் தானாகத் தோள்களைத்தான் தேடியது. இருபது பேரைப் பொறுக்கி முடித்தபோதுதான் தான் செய்தது அவருக்கு உறைத்தது. அமர்த்தப்படாத ஒன்பது பேர் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு கூடை மட்டும் கவிழ்ந்தே கிடந்தது.

அதன் பக்கத்தில் காத்தாயி நின்றாள். கோபமாக இருந்தாலாவது தேவலை. அவள் சாதாரணமாகத்தான் பேசினாள்.

"கல்லு இருந்தப்பவும் நின்னேன், இல்லாதப்பவும் நிக்கிறேன். ஆனா இந்தக் கருப்பணன் பொண்டாட்டி ரெண்டு படி வந்த அன்னைக்கெல்லாம் என் பிள்ளைங்களுக்குக் கஞ்சி ஊத்துவா. அரைப்படி வர்ற வீட்டுல யாருங்க ஊத்துவா?"

அனந்தப்பருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவளையும் கூட்டிக்கொண்டு மடத்துக்கு வந்தார்.

குரு குளக்கரையில் இருந்தார். நடந்ததை அனந்தப்பர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

"கல்லு இருக்கணும்மா. அது புரிஞ்சு போச்சு. ஆனா இவளுக்கு? அந்தக் கல்லுல இவளுக்கு ஒரு பதிலும் இல்லையே."

"கல்லை ஏன் ஐயா கேக்கறீங்க? இவளைக் கேட்டீங்களா?"

"என்னன்னு கேக்கறது?"

குரு காத்தாயி பக்கம் திரும்பினார். "இந்த வேலையில உனக்கு எதும்மா முடியாது?"

காத்தாயி யோசித்தாள். இதுவரை அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "கூடையோட கரை ஏற முடியாதுங்க. கால் வழுக்கிடும். நின்ன இடத்துல நிக்கச் சொன்னா பொழுதுக்கும் நிப்பேன்."

குளத்தில் ஒவ்வொருவரும் சேற்றை வெட்டி, தூக்கி, வழுக்கி வழுக்கிக் கரை ஏறி, கொட்டிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஊரில் தொன்றுதொட்டு அப்படித்தான் தூர் வாருவார்கள். வேறு மாதிரி வாரலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

குரு சேலையை இழுத்துச் செருகினார். சரிவில் பாதி தூரம் இறங்கி நின்று, கீழே இருந்த கருப்பணனிடம் இரண்டு கையையும் நீட்டினார். அவன் புரியாமல் கூடையைக் கொடுத்தான். குரு அதை வாங்கி மேலே திரும்பி நீட்டினார். வாங்க ஆள் இல்லை.

காத்தாயி காலை இழுத்துக்கொண்டு இரண்டு எட்டு இறங்கி வாங்கிக்கொண்டாள். அவளிடமிருந்து வாங்க அனந்தப்பரே வந்து நின்றார். ஐந்தாறு கூடை மேலே போவதற்குள் மற்றவர்களுக்கும் பிடிபட்டுவிட்டது. நான்கு பேர் வெட்ட, மற்றவர்கள் சரிவில் வரிசையாக நின்றார்கள். கூடை கைமாறிக் கைமாறி ஏறியது, காலியாக இறங்கியது. குரு தன் இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

சாயங்காலம் பார்த்தால் இரண்டு நாளில் வாரும் சேறு கரையில் கிடந்தது. அனந்தப்பர் தன் கையாலேயே எல்லோருக்கும் இரண்டு படி அளந்தார். கருப்பணன் அவளுடைய நெல்லையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

மறுநாள் காலை அனந்தப்பர் சபைக்குப் புறப்பட்டார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"கல்லு இருக்கட்டும்னு சொல்லப்போறேம்மா. ஆனா பெயர்க்கச் சொல்றவங்க விட மாட்டாங்க. கல்லு இருந்தா காத்தாயி மாதிரி ஆளை யாரு வேலைக்குக் கூப்பிடுவான்னு கேப்பாங்க. நான் கேட்ட கேள்விதானே. நான் பதில் சொன்னா வாதம் பண்ணுவாங்க. அவளையே கூட்டிட்டுப் போய்ச் சபையில நிறுத்தட்டுமா?"

குரு குளத்துப் பக்கம் பார்த்தார். சரிவில் ஆட்கள் அதற்குள் வரிசை கட்டி நின்றிருந்தார்கள், நடுவில் காத்தாயியும்.

"அவளுக்கு வேலை இருக்கு ஐயா. நீங்க போய்ட்டு வாங்க."