வராதவன் பங்கு

"நீங்கல்லாம் எதுக்கு இங்கேயே கிடக்கீங்க?" என்று கேட்டான் கூரன்.

கூரன் வேட்டைக்காரன். ஒரே இடத்தில் இரண்டு மழை பார்த்தவன் இல்லை. ஆற்றங்கரையில் குடிசை போட்டுக்கொண்டு நகராமல் இருக்கிற இந்த ஜனங்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். ஆனால் அவன் சிரிக்கிற நிலைமையில் இல்லை.

தேன் எடுக்கப் போன அவன் பெண்டாட்டி நொச்சி பாறையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டாள்.

நடக்க முடியாதவரைத் தூக்கிக்கொண்டு போகிற வழக்கம் அவன் கூட்டத்தில் கிடையாது. ஒரு மரத்தடி, பக்கத்தில் கொஞ்சம் நெருப்பு, ஒரு குடுவைத் தண்ணீர். அவ்வளவுதான். முதல் மழை விழுந்ததும் மான்கள் கிளம்பும். அக்கரையில் இருக்கிற கூட்டமும் பின்னாலேயே கிளம்பிவிடும்.

அதற்குள், நகராமலே பிழைக்கிற இந்த ஜனங்களின் வித்தையைக் கற்றாக வேண்டும். அதற்காகத்தான் நொச்சியை முதுகில் சுமந்து ஆற்றைக் கடந்து வந்திருந்தான்.

அவன் கேள்வி கேட்டது வாகையிடம். விதைப்பானைக்குக் காவல் அவள்தான். கூரனைவிடச் சின்னவள். முன்பல் இரண்டும் இல்லை. ஆனாலும் அவள் சொன்னால் அங்கே எல்லோரும் கேட்டார்கள்.

"கேக்குறேன்ல?"

"இருந்து பாரு," என்றாள் வாகை.

இருந்து பார்த்தான். பார்க்க ஒன்றுமே இல்லை. கோடையின் கடைசி. காலையில் கிழங்கு தோண்டினார்கள். வெயில் ஏறினால் ஆற்றில் இறங்கி மீன் தடவினார்கள். கிடைத்தது யாருக்கும் போதவில்லை. பிள்ளைகள் சிணுங்கிக்கொண்டே இருந்தன.

கூத்து என்னவென்றால், வாகையின் குடிசைப் பானையில் கழுத்துவரை தினை.

"பானை நிறைய வச்சுக்கிட்டுப் பட்டினி கிடக்குதுங்க," என்றான் நொச்சியிடம். "புத்தி பிசகின கூட்டம்."

"உனக்குப் பசிக்குதுன்னு சொல்லு."

"உனக்குப் பசிக்கலையா?"

"எனக்கு நேத்தே பசிச்சாச்சு."

கூரனின் ஆட்கள் பசித்தால் யாரையும் கேட்க மாட்டார்கள். எடுப்பார்கள், தின்பார்கள். கேட்டால்தான் தப்பு. எதிரில் இருப்பவனைக் கொடுக்காதவன் என்று சொன்னது போலாகிவிடும்.

நேராகப் போனான். பானைக்குள் கைவிட்டு இரண்டு கை அள்ளி வந்தான். வறுத்து இருவரும் தின்றார்கள். நன்றாகத்தான் இருந்தது.

வாசனை காட்டிக் கொடுத்துவிட்டது.

கழிகளோடு வந்தார்கள். ஒருவன் கூரனின் முடியைப் பிடித்தான்.

"விதையைத் தின்னுட்டான். ரெண்டு பேரையும் அக்கரைக்கே விரட்டுங்க."

"விடு அவனை," என்றாள் வாகை.

ஒரு கழியை வாங்கிக்கொண்டு, கரைக்கு மேல் செடி கொடி வெட்டிப் போட்டிருந்த நிலத்துக்குப் போனாள். கழி நுனியை மண்ணில் ஊன்றி இழுத்துக்கொண்டே நடந்தாள். தூரத்துப் புதர்வரை போய்த் திரும்பினாள். மறுபடி நடந்தாள். ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேர்ந்தாள்.

"இவ்வளவும் நீ தின்னது."

கூரன் பார்த்தான். கோட்டுக்குள் காய்ந்த மண். ஒரு ஓணான்.

"ரெண்டு கைதான் தின்னேன். இது வெறும் மண்ணு."

வாகை கழியை அதை வைத்திருந்தவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"சரி, அந்தப் பானை யாரோடது? உன்னோடதா?"

"இல்ல."

முடியைப் பிடித்தவனைக் காட்டினான். "இவனோடதா?"

"அவனோடதா இருந்தா எப்பவோ காலி பண்ணியிருப்பான்."

முடியைப் பிடித்தவனே சிரித்துவிட்டான்.

"பின்ன யாரோடதுதான்?"

"நீங்க மான் அடிச்சா எப்படிப் பிரிப்பீங்க?"

"இருக்கிறவங்களுக்குச் சமமா. அப்புறம் ஒரு பங்கு தனியா எடுத்து வைப்போம்."

"யாருக்கு?"

"இன்னும் வந்து சேராதவனுக்கு. தடம் பார்க்கப் போனவன் பசியோட வருவான்ல? அதை எவனும் தொட மாட்டான். தொட்டா அவன் மனுசனே..."

கூரன் பாதியில் நிறுத்தினான். பானை இருந்த குடிசையைத் திரும்பிப் பார்த்தான்.

"இங்க யார் வரணும்?" என்றான். குரல் இறங்கிவிட்டது.

"நாங்கதான். அறுப்புக்கு வருவோம். பசியோட."

அதன் பிறகு அவனும் கிழங்கு தோண்டினான். அந்தக் குடிசைப் பக்கமே போகவில்லை.

ஒரு காலையில் மழை பிடித்துக்கொண்டது.

அக்கரையில் சீழ்க்கை கேட்டது. கிளம்பச் சொல்கிற நீளமான சீழ்க்கை. கொஞ்சம் விட்டு மறுபடியும்.

கூரன் ஈட்டியை எடுத்தான்.

நொச்சி அவனையே பார்த்தாள். தண்ணீர்க் குடுவையைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டாள்.

அவன் அவளைத் தூக்கினான். மழையில் நனைந்துகொண்டே போய்க் கோட்டுக்குள் இறக்கினான். கோடு பாதி கரைந்திருந்தது. வாகை வந்து நொச்சியின் மடியில் தினையைக் கொட்டிவிட்டுப் போனாள்.

ஈட்டியைத் தலைகீழாகப் பிடித்து, காட்டுப்பன்றியைக் குத்துகிற வேகத்தில் மண்ணைக் குத்தினான் கூரன். சேறு நொச்சியின் முகத்தில் அடித்தது. அவள் துடைத்துக்கொண்டு, குழியில் நாலு விதை போட்டு மூடினாள். அடுத்ததற்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

அக்கரையில் சீழ்க்கை நின்றுவிட்டது.

அவன் இன்னும் வேகமாகக் குத்தினான்.

"மெதுவாக் குத்து," என்றாள் நொச்சி. "மண்ணு எங்கயும் ஓடிடாது."