எலுமிச்சைக்கும் ஏழு

மழை எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் ஒரு வறண்ட சீமையில் வெள்ளூரணி மான் சரணாலயம் இருந்தது. உடைமரங்களும் கொழுக்கட்டைப் புல்லும் வெளிமான்களும் அங்கே குடியிருந்தன. அந்த மண்ணுக்கு நாடி பார்க்க ஒரு பி.எச். மீட்டரும் இருந்தது. பேனா அளவு உடம்பு, நுனியில் மெல்லிய கண்ணாடிக் குமிழ். ஈர மண்ணில் நுனியை வைத்தால் ஓர் எண் சொல்லும். ஏழு என்றால் நடுநிலை. அதற்குக் கீழே போனால் புளிப்பு, மேலே ஏறினால் சவுக்காரக் குணம்.

ரேஞ்சர் அருமைநாயகம் காட்டின் நடுவே ஆழமாகப் போர் போட்டு ஒரு புல்வெளி வளர்த்திருந்தார். பார்க்க வருகிறவர்கள் பச்சைப் பின்னணியில் மான் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. வாளியில் பிடித்து வைத்தால் வெள்ளையாகப் படியும் அந்த உப்புத் தண்ணீர் தினமும் அங்கே பாய்ந்தது.

ஆராய்ச்சிக்கு வந்திருந்த சங்கரேஸ்வரி மீட்டரை அந்த மண்ணில் வைத்தாள்.

"ஒன்பது புள்ளி மூணு," என்றது மீட்டர்.

"மண்ணு கெட்டுட்டு வருது சார். இந்தத் தண்ணி ஆகலை. மோட்டாரை நிறுத்தணும்."

"மண்ணு நல்லாத்தாம்மா இருக்கு. மிஷினு கெட்டிருக்கும்," என்று ரேஞ்சர் மீட்டரின் மண்டையில் இரண்டு தட்டு தட்டினார்.

மீட்டருக்கு அவமானமாக இருந்தது. உண்மையைச் சொன்னதற்கு அதுவரை யாரும் அதைக் குட்டியதில்லை.

சங்கரேஸ்வரி ஒரு மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, ரேஞ்சரின் கையிலிருந்து மீட்டர் நழுவிக் கல்லில் விழுந்தது. குமிழில் மயிரிழை போல ஒரு விரிசல். அன்று முதல் எங்கே வைத்தாலும் அது ஏழு என்றது.

ரேஞ்சர் பூரித்துப் போனார். "இப்பத்தான் இதுக்குப் புத்தி வந்திருக்கு." அன்றே தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டை அதற்குப் படுக்கையாகக் கொடுத்தார். மீட்டருக்கு வாழ்க்கை பிடித்துப் போயிற்று.

ஒருநாள் புல்வெளி மண் கேட்டது: "என்னைப் பார்த்து என்னய்யா சொன்னே?"

"ஏழு."

"என் பொறப்பே எட்டு. நான் திடமா இருந்த காலத்திலயே ஏழு கிடையாது. இப்போ உடம்பெல்லாம் இறுகி மூச்சு முட்டுது. விட்ட தண்ணி உள்ளே இறங்காம மேலேயே நிக்குது."

"ஒன்பதுன்னு சொன்னா குட்டுறாங்க. ஏழுன்னா மெத்தை கிடைக்குது."

"சரி. இந்தப் பக்கம் கடைசியா எப்போ மான் வந்துச்சு?"

மீட்டர் சுற்றிப் பார்த்தது. புல் மஞ்சளாகக் கிடந்தது. இடையிடையே வெள்ளைப் பொருக்கு. தூரத்தில் குட்டியோடு வந்த ஒரு பெண்மான் அந்த மண்ணை மோந்துவிட்டுத் திரும்பி நடந்தது.

மீட்டருக்கு என்னவோ செய்தது. அடுத்த முறை மண்ணில் வைத்தபோது, தம் கட்டி ஒன்பது சொல்லப் பார்த்தது. ஏழுதான் வந்தது. இனி நினைத்தாலும் தன்னால் உண்மை சொல்ல முடியாது என்று அப்போதுதான் அதற்கு விளங்கியது.

சங்கரேஸ்வரி திரும்பிய அன்று மேலிடத்து அதிகாரியும் வந்தார். எல்லோருக்கும் எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். அவர் முன்னால் மண்ணைச் சோதித்தார்கள். ஏழு. "நான் விட்ட தண்ணிதான் சார் மண்ணைக் குணமாக்கிடுச்சு," என்றார் ரேஞ்சர். சங்கரேஸ்வரிக்குச் சந்தேகம் தட்டியது. மீட்டரைத் தன் கையிலிருந்த எலுமிச்சைச் சாற்றில் முக்கினாள். நல்லது, இப்போதாவது நம் குட்டு உடையட்டும் என்று மீட்டர் மனசார ஏழு என்றது.

"பாருங்க சார். எலுமிச்சைக்கும் ஏழு சொல்லுது."

"காய் சரியில்லை. இப்போ வர்ற எலுமிச்சையெல்லாம் இப்படித்தான்," என்றார் ரேஞ்சர்.

அதிகாரி தன் தம்ளரில் ஒரு வாய் குடித்தார். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. கன்னம் ஒட்டியது. "ஆமா," என்றார் சிரமப்பட்டு, "புளிப்பே இல்லை."

சங்கரேஸ்வரி வாதாட வாயைத் திறந்தாள், ஒரு நிமிஷம் யோசித்தாள், பிறகு சிரித்தாள்.

"அப்போ மண்ணு குணமாயிடுச்சு சார். ஏழு வந்தாச்சு. இனிமே தண்ணி எதுக்கு?"

"அதானே," என்றார் அதிகாரி. "சொகமானவனுக்கு எதுக்கு வைத்தியம்? மோட்டாரை நிறுத்துங்க நாயகம்."

ஏழு பொய் என்று சொன்னாலொழிய ரேஞ்சருக்கு வேறு வழியில்லை. முனகிக்கொண்டே அவரே போய் மோட்டாரை நிறுத்தினார்.

ஐப்பசி மழையில் வெள்ளைப் பொருக்கு கரைந்தது. மறு வருஷம் ஓரங்களில் கொழுக்கட்டைப் புல் தலைகாட்டியது. சங்கரேஸ்வரி புது மீட்டர் ஒன்று வாங்கி வந்து மண்ணில் வைத்தாள்.

"எட்டு புள்ளி ஆறு," என்றது அது, கணீரென்று.

"மெதுவாச் சொல்லுய்யா," என்றது மண். "ரேஞ்சர் காதுல விழுந்தா, இன்னும் குணமாகலைன்னு மறுபடியும் மோட்டாரைப் போட்டுருவாரு."