ஒண்ணு... ரெண்டு...

ஆற்றங்கரை மருத மரத்தின் வேருக்கடியில் ஒரு நீர்நாய்க் குடும்பம் இருந்தது. அம்மா, அப்பா, ஒரே பிள்ளை தும்பன். தும்பன் நீந்துவான், குட்டிக்கரணம் போடுவான், அப்பாவின் வாலைக் கடிப்பான். ஆனால் ஒரு சொல்கூடப் பேச மாட்டான்.

பேச அவனுக்கு அவசியமும் இல்லை! அவன் மீனைப் பார்த்தாலே போதும், "பசிக்குதா ராஜா? இந்தா!" என்று அம்மா ஊட்டிவிடுவாள். குளிக்கக் கரையில் நின்றால், "ஒண்ணு... ரெண்டு... குதி!" என்று அவளே சொல்வாள். "உன் பேரென்ன?" என்று யாராவது அவனைக் கேட்டால், "தும்பன்!" என்று அவளே முந்திக்கொள்வாள்.

ஆடி நெருங்கியது. புதுவெள்ளம் வந்தால் நாணல் காட்டைக் கடந்து மேட்டுக்குப் போக வேண்டும். குரல் கொடுக்கத் தெரியாத குட்டி அந்த நாணலுக்குள் தொலைந்தால் தொலைந்ததுதான். அம்மா பேச்சில் பேர்போன மைனாவை அழைத்து வந்தாள்.

"மூணே நாள்ல பேச வைக்கிறேன்!" என்றது மைனா. "சொல்லு, மேகம்! சொல்லு, வானவில்! ம், சொல்லு! சொல்லு!"

தும்பன் அம்மாவின் வயிற்றுக்கடியில் ஒளிந்துகொண்டான். மூன்றாம் நாள், "இது தேறாத கேஸ்!" என்று மைனா பறந்துவிட்டது. கூலியாகப் பேசிய இறாலை மட்டும் மறக்காமல் தின்றுவிட்டுத்தான் போனது! அம்மா அழுதாள்.

மறுநாள் அவள் பிடித்த கெளுத்தி மீனின் முள், அவள் நாக்கிலேயே ஏறிவிட்டது. நாக்கு வீங்கிப்போனது. வழக்கம்போலத் தும்பனைக் குளிக்கக் கூட்டிப்போனாள்.

"ஒண்ணு... ரெண்டு..." என்றாள். வலி தாங்கவில்லை. நிறுத்திவிட்டாள்.

தும்பன் தண்ணீரைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். அம்மாவும் அவன் முகத்தையே பார்த்தாள். பக்கத்தில் ஒரு தவளை கத்தி ஓய்ந்தது.

"குதி!" என்றான் தும்பன். தொபுக்கென்று குதித்தான்.

அப்பா வாயிலிருந்த மீனை நழுவவிட்டார்!

சாப்பாட்டு நேரத்தில் அம்மா மீனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "தா!" என்றான் தும்பன்.

"என்னங்க, என் நாக்கு வீங்கின பிறகுதான் பிள்ளைக்கு வாய் வந்திருக்கு! இத்தனை நாளும் அவன் பேச வேண்டியதையும் நானே பேசிட்டேனே!" என்று வலியோடு வலியாகச் சொன்னாள் அம்மா.

வீக்கம் வடிந்தது. அம்மா பழையபடி பேசினாள், பாடினாள். ஆனால் கடைசிச் சொல்லைத் தும்பனுக்கென்று விட்டுவைத்தாள்.

வெள்ளம் வந்தது. மூவரும் மேட்டுக்குக் கிளம்பினார்கள். நாணல் காட்டின் நடுவே ஒரு சுழி தும்பனை இழுத்துக்கொண்டு போனது.

"தும்பா! தும்பா! எங்கடா இருக்கே?" அப்பா மூச்சுவிடாமல் கத்தினார். நாணல் அசைந்ததே தவிர, ஒன்றும் தெரியவில்லை.

"கொஞ்சம் சும்மா இருங்க! அவன் பேச இடம் விடுங்க!" என்றாள் அம்மா. அவள் உரக்கச் சொன்னாள்: "ஒண்ணு... ரெண்டு..."

பிறகு வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அவள் வாழ்நாளில் அவ்வளவு கஷ்டப்பட்டு எதற்கும் காத்திருந்ததில்லை.

"குதி!"

இடப்பக்கம், நாணல் வேருக்குள்ளிருந்து! இருவரும் பாய்ந்தார்கள். சேறும் சிரிப்புமாகத் தும்பன் வெளியே வந்தான். அம்மா அவனை முகர்ந்து முகர்ந்து பார்த்தாள். போன உயிர் திரும்பி வந்தது.

மேட்டில் ஒரு மரக்கிளையில் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தது மைனா. "அட! குட்டி, உன் பேரென்ன?" என்று கேட்டது.

அம்மாவின் வாய் துறுதுறுத்தது. ஆனால் அடக்கிக்கொண்டாள்.

"தும்பன்!" என்றான் தும்பன்.

உண்ணும்போதும் குளிக்கும்போதும் பிள்ளையோடு பேசுங்கள். பேசிவிட்டு, அது பதில் சொல்லும்வரை பொறுத்திருங்கள்.