நெற்றியும் தோள்துண்டும்

வாக்குப்பதிவுக்கு எட்டு நாள் இருக்கும்போது வேட்பாளர் குற்றாலிங்கம் மலையடிவாரத்து மடத்துக்கு வந்தார். பிரச்சார வேனையும் கட்சிக்காரர்களையும் வாசலில் நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே போனார்.

மடத்துத் துறவி தம்பிரான் கிணற்றடியில் வில்வ இலை அலசிக்கொண்டிருந்தார். குற்றாலிங்கத்துக்கு ஐம்பத்து நாலு வயது. தம்பிரான் அவரைவிட நாலைந்து வயது இளையவர், ஆனாலும் அவர்தான் குரு. மனைவி இறந்த வருஷம் குற்றாலிங்கம் பித்துப்பிடித்தவர் மாதிரி இந்த மடத்தில்தான் வந்து கிடந்தார். தினமும் காலையில் தம்பிரான் பூசிவிட்ட திருநீறுதான் அவரை மனுஷனாக்கி வீட்டுக்கு அனுப்பியது.

அந்தத் திருநீறு இப்போது சந்திக்கு வந்திருந்தது. சர்ச் தெருவுக்குள் வேன் திரும்பும்போது அவர் தோள்துண்டால் நெற்றியைத் துடைத்ததை யாரோ படம் பிடித்துவிட்டார்கள். தொகுதி முழுக்க எல்லார் கைப்பேசியிலும் அதுதான் ஓடியது. நிருபர்கள் சூழ்ந்துகொண்டு, சாமி நம்பிக்கை உண்டா இல்லையா என்று கேட்டார்கள். காலையில், அது என் சொந்த விஷயம் என்றார். சாயங்காலமே அதே நிருபர்களை வரவழைத்துக் கோயில் பிரகாரத்தில் அங்கப்பிரதட்சிணம் செய்தார். இரண்டுக்கும் ஊர் சிரித்தது.

இவ்வளவையும் அவர் சொல்லி முடிக்கும்வரை தம்பிரான் இலை அலசுவதை நிறுத்தவில்லை.

"அவங்களுக்கு என்ன பதில் சொல்லட்டும் சாமி?"

"என்ன கேக்காங்க?"

"நான் நம்புதேனா இல்லையான்னு."

"நம்புதீரா?"

குற்றாலிங்கம் கிணற்றுத் திட்டில் உட்கார்ந்தார்.

"தேர்தல்ல தோத்தாலும் பரவாயில்ல சாமி," என்றார். "யாரும் பாக்காதப்ப கடைசியா எப்பத் திருநீறு பூசினேன்னு யோசிச்சுப் பாத்தேன். ஞாபகமே வரல. பயமா இருக்கு."

தம்பிரான் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். உள்ளே போய்த் திருநீற்றுச் சம்படத்தை எடுத்துவந்து, மூன்று விரலால் அவர் நெற்றியில் பூசினார். விரல்களில் கிணற்றுத் தண்ணீரின் குளிர்ச்சி இன்னும் இருந்தது. மனைவி இறந்த வருஷத்துக் காலைகள் அத்தனையும் ஒன்றாகத் திரும்பி வந்தன. குற்றாலிங்கம் வெட்கப்படாமல் அழுதார். எதுவும் தொலைந்துவிடவில்லை என்றுதான் அவருக்குத் தோன்றியது.

"இது போதும் சாமி," என்று காலில் விழுந்து எழுந்தார்.

தம்பிரானும் வாசல்வரை கூடவே வந்தார். வெளியே வெயில் முகத்தில் அடித்தது. ஒன்றியச் செயலாளர் கையில் பட்டியலோடு அவசரமாகப் படியேறினார்.

"அடுத்து எந்தத் தெரு?" என்று அவரிடம் கேட்டார் குற்றாலிங்கம்.

கேட்ட பிறகுதான், தன் கை தோள்துண்டைப் பிடித்திருப்பது அவருக்குத் தெரிந்தது. மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

"நம்புதீரான்னு கேட்டேன்லா," என்றார் தம்பிரான். "இப்பத்தான் பதில் சொன்னீர்."