லாரியில் வந்த வரப்பு

கரட்டு அடிவாரத்தில் ஒரு மடம். அதற்குத் தலைவி பேராச்சியம்மை. நாற்பத்தைந்து வயதுதான். சீடராக வந்து சேர்ந்த நல்லபெருமாளுக்கோ அறுபது தாண்டிவிட்டது. அவர் அம்மையை அம்மா என்பார். அம்மை அவரை அண்ணாச்சி என்பார். யார் யாருக்குக் குரு என்று புதிதாக வருகிறவர்கள் கொஞ்ச நேரம் முழிப்பார்கள்.

மடத்தைச் சுற்றி வெறும் சரளைக்கல். அரளியைத் தவிர ஒன்றும் தலைகாட்டாது. சாமிக்குப் பிச்சிப்பூ சாத்த வேண்டும் என்று அம்மைக்கு ஆசை. நல்ல மேல்மண்ணாக ஒரு லோடு வாங்கிப் போடுங்கள் என்று அந்தப் பொறுப்பை நல்லபெருமாளிடம் விட்டார். மனுசன் ஆயுசெல்லாம் புஞ்சையில் உழுத சம்சாரி. மண்ணைப் பற்றி அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

முன்னால் ஒருத்தன் வந்து ஏமாற்றிவிட்டுப் போயிருந்தான். மேலே பார்த்தால் மண், கிளறிப் பார்த்தால் இடித்த வீட்டுக் காரையும் பாட்டில் சில்லும். அதனால் இந்தத் தடவை லாரிக்காரர் பக்கீருக்குப் போன் போட்டு, மேலாக ஒரு சாண் சுரண்டிய மண்தான் வேண்டும், அதற்குக் கீழே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பக்கீர் ஒரு பையில் மாதிரி கொண்டுவந்து கொடுத்தார். நல்லபெருமாள் தண்ணீர் தெளித்துப் பிடித்துப் பார்த்தார். உருண்டையாக நின்றது. பெருவிரலால் தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. அப்படியும் ஆறவில்லை. ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டுச் சிறுபயறு ஊன்றி வைத்தார். முளை எல்லாம் போட்டி போட்டுக்கொண்டு எழுந்து நின்றது.

"மண்ணுன்னா இது மண்ணு. கொண்டுவாரும்" என்றார்.

லாரி வந்தது. பின்கதவைத் திறக்கப் போன நல்லபெருமாள் மண்ணுக்கு மேலே கிடந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். ஒரு எல்லைக்கல். அதன் நெற்றியில் அவர் கையாலேயே அடித்த நீல பெயிண்ட் இன்னும் போகவில்லை.

அவருக்கும் தம்பி பாலவேசத்துக்கும் நடுவே வரப்பில் நின்ற கல் அது. ஆள் இல்லாத நேரம் பார்த்து இவர் ஒரு முழம் தள்ளி நடுவார். அடுத்த உழவுக்குள் அவன் ஒன்றரை முழம் இந்தப் பக்கம் தள்ளியிருப்பான். கல்லுக்கு நடந்து நடந்தே கால் தேய்ந்திருக்கும். கடைசியில் ஒருநாள், எல்லாத்தையும் நீயே கட்டிக்கோ என்று தன் பங்கையும் தம்பிக்கே எழுதிக்கொடுத்துவிட்டுச் செருப்புகூட மாட்டாமல் கிளம்பி வந்தவர்தான் நல்லபெருமாள். துறவு என்று ஊரில் சொன்னார்கள். அவரும் இல்லையென்று சொல்லவில்லை.

பக்கீருக்கு இதெல்லாம் என்ன தெரியும். புஞ்சையைப் பிளாட் போடுகிறார்கள், மேல்மண்ணைச் சுரண்டி விற்கிறார்கள் என்றார். மண் எந்த ஊருக்கு என்று நிலத்துக்காரர் கேட்டாராம். மடத்தின் பேரைச் சொன்னதும் வரப்புப் பக்கம் நடந்து போனாராம். பிறகு, நல்ல மண்ணாகப் பார்த்து ஏற்றச் சொல்லி, கல்லையும் தூக்கி மேலே போடச் சொன்னாராம்.

"அண்ணனுக்குப் பிரியமான கல்லு, பாத்து இறக்குன்னாரு சாமி."

நல்லபெருமாளுக்கு முகம் கறுத்துவிட்டது. நேரே அம்மையிடம் போனார். இந்த மண் வேண்டாம், லாரியைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றார். அம்மை முழுக்கதையையும் கேட்டுக்கொண்டு லாரிக்கு வந்து பார்த்தார்.

"மண்ணு இறங்கட்டும் அண்ணாச்சி. வேண்டாம்னா கல்லை மட்டும் தூக்கி வண்டியிலயே போட்டுருங்க."

மண் இறங்கியது. கல்லும் சேர்ந்து உருண்டு விழுந்தது. நல்லபெருமாள் குனிந்து பிடித்தார். ஒரு பக்கம் எழும்பியது, மறுபக்கம் அசையவில்லை. மூச்சு வாங்கிற்று.

"அங்க எப்படித் தூக்கி நட்டீங்க?" என்றார் அம்மை.

"ஒத்தையாத்தான் தூக்குனேன்."

"ஒத்தைன்னு சொல்ல முடியாது. கோவமும் கூட ஒரு கை பிடிச்சிருக்கும்."

பக்கீர் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். துணி துவைக்க ஒரு கல் இல்லை என்று தினமும் புலம்புகிறீர்களே, கிணற்றடிக்கு உருட்டிக்கொண்டு போங்கள் என்றார் அம்மை. நல்லபெருமாளும் பக்கீருமாக உருட்டிக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கிருந்து நல்லபெருமாள் அந்தக் கல்லில்தான் வேட்டி துவைத்தார். முதலில் அடித்த அடியில் வேட்டி கிழிந்தது. போகப்போக அடி தணிந்தது. நீல பெயிண்டும் சோப்பு நுரையோடு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

ஆனாலும் ஒன்று மட்டும் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. புது மண்ணில் ஊன்றிய பிச்சிக்கொடி ஐப்பசி மழையில் தழைத்து, தை போய், மாசியில் மொட்டு வைத்தபோது அம்மையிடமே கேட்டுவிட்டார்.

"கல்லை அனுப்புனானே, அவன் என்னைக் கேலி பண்ணுனானா, இல்ல சேந்துக்கிடலாம்னு சொன்னானா? எப்படிப் பாத்தாலும் ரெண்டாவும் தெரியுதும்மா."

அம்மை மொட்டுகளைப் பார்த்துக்கொண்டே, பக்கீர் நாளைக்கு உங்கள் ஊர்ப் பக்கம்தானே போகிறார் என்றார். அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் விடிந்ததும் நல்லபெருமாள் முதல் பூவைப் பறித்தார். கூடை கொள்ளவில்லை. மடமே மணத்தது. அறுபது தாண்டிய மனுசன் பூக்கூடையோடு சின்னப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு வந்தார். வாசலில் லாரி நின்றது. அம்மை ஒரு வாழை இலையை அவர் கையில் கொடுத்தார்.

"தம்பிக்குக் கட்டிக் கொடுங்க."

சிரிப்பு நின்றது. முதல் பூ சாமிக்கு அல்லவா என்று இழுத்தார். சாமி எங்கும் போய்விட மாட்டார் என்றார் அம்மை. இலையை விரித்தார் நல்லபெருமாள். ஒரு கை அள்ளி வைத்தார். யோசித்தார். அதில் பாதியைத் திரும்பக் கூடையில் போட்டார்.

"எம்புட்டும்மா வைக்கட்டும்?"

"அதை நான் எப்படிச் சொல்ல அண்ணாச்சி? வரப்புக்கு அவரு பக்கத்து மண்ணுல பூத்தது எம்புட்டோ, அம்புட்டும் வைங்க."

நல்லபெருமாள் திரும்பிக் கொடிகளைப் பார்த்தார். வேரடி மண்ணைப் பார்த்தார். பக்கீர் ஒரு தடவை ஹாரன் அடித்தார்.

கூடையை அப்படியே இலையில் கவிழ்த்துக் கட்டினார்.