பூசணிக்காய்க்கு மீசை வந்த கதை

அந்தக் காலத்தில், காக்காயும் அணிலும் மனுசரோடு சரிக்குச் சரி வாயாடிய காலத்தில், பூதங்களும் நம் ஊர்களுக்குக் கட்டட வேலைக்கு வந்துகொண்டிருந்தன. எட்டு ஆள் சுமக்கிற உத்தரத்தை ஒரே பூதம் தலையில் வைத்துக்கொண்டு வந்துவிடும். ஊற்றின கூழைக் குடித்துவிட்டு மறுபேச்சில்லாமல் போகும்.

ஊரார் வீட்டுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்துச் சித்திரம் போடுகிற செவந்திக்குச் சொந்தமாக ஒரு கூரை கிடையாது. பாடுபட்டு அவள் ஒரு வீடு கட்டத் தொடங்கியபோது தடியப்பன் என்கிற பூதம் தானாக வந்து நின்றான்.

"எங்க குகைக்கு நீதானேக்கா வெள்ளையடிச்சுக் குடுத்தே. எனக்குக் கூழுகூட வேண்டாம்" என்றான்.

சுவர் எழும்பிவிட்டது. மழைக்கு முன்னால் உத்தரங்களை மேலே ஏற்றிவிட்டால் போதும்.

தடியப்பனுக்கு ஒரு பழக்கம். பாரம் தூக்கினால் இரண்டு முழியும் வெளியே பிதுங்கும், நாக்கு ஒரு முழத்துக்குத் தொங்கும். அது அவனுக்கே தெரியாது. பார்த்தவர்களும் வாய் திறந்து சொன்னதில்லை.

ஒரு நாள் மத்தியானம், வெயிலில் வேலையாட்கள் எல்லாரும் சுருண்டு கிடந்தார்கள். கொஞ்சம் சிரிக்க வைப்போமே என்று செவந்திக்கு ஒரு நினைப்பு. குழம்புக்கு வைத்திருந்த பூசணிக்காயை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். கரியால் முழி வரைந்தாள், செங்கல் பொடியைக் குழைத்து நாக்கு வைத்தாள். அச்சு அசல் தடியப்பன்தான். பாழாய்ப்போன கை, அன்றைக்கென்று பார்த்து அத்தனை நன்றாக வரைந்துவிட்டது. கொத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டார்.

அந்த நேரம் பார்த்துத் தடியப்பன் உத்தரத்தோடு வந்து சேர்ந்தான். பாரத்தை இறக்கிவிட்டுப் பூசணிக்காயைப் பார்த்தான். எல்லாரையும்விட அவன்தான் அதிகம் சிரித்தான்.

"யாருக்கா இந்தக் கோமாளி?"

மற்றவர்களின் சிரிப்பு சட்டென்று நின்றுபோனது. செவந்தி தலையைக் குனிந்துகொண்டாள். சுவர்மேல் இருந்த அணிலுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"நீதான். தூக்குறப்ப நீ இப்படித்தான் இருப்பே."

தடியப்பன் வாயை மூடினான். "தினமுமா?" என்று கேட்டான்.

உத்தரத்தை ஏற்றக் குனிந்தான். உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு தூக்கினான். அசையவில்லை. மூன்று தரம் பார்த்தான். பிறகு துண்டை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டு மலைப்பக்கம் நடந்துவிட்டான்.

செவந்திக்கு உடம்பெல்லாம் கூசியது. சீ, நானும் ஒரு மனுசியா என்று தன்னையே வைதுகொண்டு பின்னாலேயே ஓடினாள். குகை வாசலில் நின்று சொன்னாள்:

"தடியப்பா, எனக்காக ஒழைச்ச உன்னை வச்சு நான் ஊரைச் சிரிக்க வச்சுட்டேன். உன் மொகத்துல முழிக்க எனக்கு வெக்கமா இருக்கு. மன்னிச்சிருப்பா."

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "நாக்கு நீட்டாம எனக்குத் தூக்க வரலக்கா. இனிமே நீட்டவும் மனசு வராது. நீ போ." கொஞ்ச நேரம் கழித்து, "வரைஞ்சதுதான் வரைஞ்சே, ஒரு மீசையாவது வச்சிருக்கலாம்" என்றான்.

செவந்தி அழுதுகொண்டே திரும்பினாள். அதே கரியை எடுத்துப் பூசணிக்காய்க்கு முறுக்கு மீசை வைத்தாள். கூரையில்லாத வீட்டின் முகப்பில், மலையைப் பார்க்கத் தொங்கவிட்டாள். கோபம் ஆறி என்றைக்காவது எட்டிப் பார்த்தால் மீசையைப் பார்க்கட்டும் என்றுதான். மழை வந்தது, சுவர் நனைந்தது, தடியப்பன் வரவில்லை. வேறு எந்தப் பூதமும் வரவில்லை. அன்று சிரித்தவர்களும் வெட்கப்பட்டுத் தாங்கள் கட்டுகிற வீடுகளில் ஆளுக்கொன்று வரைந்து மாட்டினார்கள்.

அன்று முதல்தான் கட்டி முடியாத வீட்டு முகப்பிலெல்லாம் முழி பிதுங்க, நாக்குத் தொங்க, முறுக்கு மீசையோடு அந்த முகம் தொங்குகிறது. ஏன் என்று கேட்டால் கண்ணேறு படாமலிருக்க என்பார்கள். பின்னே, உதவிக்கு வந்தவனைக் கேலி செய்தே விரட்டினோம் என்று எந்த வாயால் சொல்வார்கள்?