பங்கு போட்ட கார்

ஒரு ஊர்ல ஒரு கார் இருந்துச்சு. பழைய அம்பாசடர். ஓட்டுனவரு செத்துப்போனாரு, காரு சாகல. ம் கொட்டு. கொட்டுனாத்தான் சொல்லுவேன்.

செத்தவரோட சம்சாரம் பேச்சியம்மா. மகனுங்க ரெண்டு பேரு, பெரியவன் பூமிநாதன், சின்னவன் ஞானவேலு. மக மரகதம், கட்டிக்குடுத்த ஊர்ல மாசமா இருந்தா. "தலைப்பிரசவத்துக்கு நம்ம கார்லதான் வந்து கூட்டிட்டுப் போவேன்"னு அப்பா அவகிட்ட சொல்லிட்டுத்தான் கண்ணை மூடுனாரு. அந்தப் பொண்ணு நாளை எண்ணிக்கிட்டுக் கெடந்துச்சு.

அப்போ அண்ணன் தம்பி பங்கு பிரிச்சாங்க. வீடு பாதி, நிலம் பாதி. காரு? எனக்குங்கறான் ஒருத்தன், எனக்குங்கறான் இன்னொருத்தன். மூத்தவன் பிரிக்கணும், இளையவன் முதல்ல எடுக்கணும், அதானே வழக்கம்? இஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரு பங்கு, மேல்கூடு ஒரு பங்குன்னான் பெரியவன். தம்பி மினுமினுப்பைப் பாத்துக் கூட்டைத்தான் எடுப்பான்னு நெனப்பு. அவன் எடுத்தது இஞ்சினை! பெரியவன் மூஞ்சியைப் பாக்கணுமே.

பேச்சியம்மா கெஞ்சுனா. "பத்தே நாள் பொறுங்கடா. வளைகாப்பு முடிச்சு மரகதத்தைக் கூட்டிட்டு வந்துரலாம். அப்புறம் என்னமோ பண்ணிக்கோங்க."

"பத்து நாள்ல அண்ணன் பாதி சாமானை உருவிருவான்"ன்னான் சின்னவன்.

"என் கண்ணு முன்னாடி இன்னைக்கே கழட்டட்டும்"ன்னான் பெரியவன்.

இதுல மட்டும் ஒத்துமை! தூங்கிட்டியா? ம்.

அப்புறம் வாசல்ல மூணு இரும்புக் குழாயை நிக்கவச்சு, இஞ்சினைத் தூக்குற செயின் பிளாக்கைத் தொங்கவிட்டாங்க. மெக்கானிக்கைக் கூப்பிடல, அவன் யாரு பக்கம் சாய்வானோன்னு ரெண்டு பேருக்கும் சந்தேகம். பானெட்டைக் கழட்டி, ரேடியேட்டரைத் தூக்கி வச்சு, சங்கிலியை இழுத்தாங்க. கடகட கடகட. இஞ்சின் வரல, காரே முன்னால தூக்குச்சு. அடியில கழட்டாத போல்ட்டு ஒண்ணு மிச்சம். பேச்சியம்மாவுக்கு அது தெரியும். புருஷனுக்கு முப்பது வருஷம் ஸ்பேனர் எடுத்துக் குடுத்த கை அது. ஆனா வாயைத் திறக்கல. வராதே, நீ வராதேன்னு இஞ்சினைப் பாத்து மனசுக்குள்ள கும்பிட்டா.

போல்ட்டைக் கண்டுபிடிச்சுட்டானுங்க.

ரெண்டாவது தடவை இழுத்தாங்க. க்ரீச்! சைலன்சர் குழாய் புடிச்சுக்கிச்சு. அதுவும் அவளுக்குத் தெரியும். அதையும் கழட்டிட்டானுங்க.

மூணாவது தடவை, கடகட கடகட... வந்துருச்சு. கியர்பாக்ஸ் வாலு தாழ்ந்து தொங்குச்சு. ஆயிலை வடிக்க மறந்துட்டானுங்க, மகராசனுங்க. குபுகுபுன்னு கொட்டுச்சு, மக வருவான்னு அவ மெழுகி வச்ச வாசல் பூரா. பேச்சியம்மா அப்படியே உக்காந்து அழுதா.

அப்போ வளைகாப்பு வந்துச்சு. வாடகைக் கார் வைங்கடான்னா, அவன் வைக்கட்டும்ங்கறான் இவன், இவன் வைக்கட்டும்ங்கறான் அவன். பேச்சியம்மா வளையலை மடியில கட்டிக்கிட்டு ஒத்தையா பஸ்ல போனா. மரகதம் பையைக் கட்டி வச்சிட்டு வாசல்லயே நின்னுச்சு.

"கார் எங்கம்மா?"

பேச்சியம்மா மடியில கட்டியிருந்த வளையலை அவுத்தா. சம்பந்தியம்மா சொல்லிட்டா, "ஒம்பது மாசத்துக்காரியை அந்த ரோட்டுல பஸ்ல குலுக்கி அனுப்ப மாட்டேன். கூடப் பொறந்தவனுங்க எங்க?"

அவ சொன்னது நியாயம்தானே.

அப்புறம் பாப்பா அங்கயே பொறந்துச்சு. மரகதம் பொறந்த வீட்டு வாசலை மிதிக்கவே இல்ல. இஞ்சின் தம்பி கொட்டகையில துரு ஏறிக் கெடக்குது. கூட்டுக்குள்ள அண்ணன் கோழி அடைக்கிறான். பாப்பாவுக்குக் காது குத்துனாங்க. தாய்மாமன் மடியில உக்காரவச்சுத்தானே குத்தணும்? இதுக்கு ரெண்டு மாமன்! அப்பன் மடியில உக்காந்து குத்திக்கிச்சு.

யாரா? உங்கம்மாதான் அந்தப் பாப்பா. போ, கதையும் கழண்டுபோச்சு. கண்ணை மூடு.